சுவர்ப்பக்கம் திரும்பி அழுதவர்

வியாழக்கிழமை என்றால் கேட்புக்கூடத்தில் உட்கார இடம் கிடைக்காது. கோவையில் பழைய மில் ஒன்றை இடித்துவிட்டுக் கட்டிய நீளமான மண்டபம் அது. உள்ளே கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, குரலைப் பதிக்க ஒரு பலகைத்திரை. ஒருவர் வாசிப்பார், எதிரே இருப்பவர் கேட்பார். வாசிப்பவர் பெரும்பாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். கேட்பவர் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசலில் இருக்கும் கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருக்கும். கேட்க வருபவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு.

சுடர்க்கொடி அன்று காலை முதலில் மெஹருன்னிசாவுக்கு வாசித்தாள். தான் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றிய அத்தியாயம். வாந்தி எடுத்தபோது நெற்றியைப் பிடித்தது, முடி கொட்டியபோது கூடவே தன் தலையையும் மழித்துக்கொண்டு வந்து நின்றது, ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை பாடிக்கொண்டே வந்தது எல்லாம் அதில் இருந்தன. மெஹருன்னிசா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"நானா? ரத்தத்தைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வரும்மா. என் மருமககிட்ட சொன்னா சிரிப்பா," என்றாள். பிறகு பலகைத்திரையில் வாயை வைத்து "எனக்குச் சம்மதம்" என்று குரல் ஒப்புதல் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டாள். சுடர்க்கொடியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இதில் மெஹருன்னிசாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை விழுங்கிய பிறகு, அழுகிறவர்களின் தொகை அதிகமாகி, அழுகையைக் கேட்கிறவர்களின் தொகை குறைந்துபோனது. சொந்தக்காரர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறிப் போனார்கள். அரசாங்கம் யோசித்து யோசித்துத் துணைப்பணி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உடம்பில் தெம்புள்ள எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறை, துக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குத் துணையாளாகப் போய் இருக்க வேண்டும். கூடவே தங்க வேண்டும், கூடவே சாப்பிட வேண்டும், அவர்கள் தேறும் வரை விடக் கூடாது.

துக்கத்தில் இருப்பவர்கள் எதையெல்லாம் உளறுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அது வெளியே போகக் கூடாது. எனவே பணி முடிந்ததும் துணையாளை நினைவுச்சல்லடையில் உட்கார வைத்து அந்தக் காலத்தை அப்படியே எடுத்துவிடுவார்கள். ஜனங்கள் அதைத் 'துடைப்பு' என்றார்கள். சல்லடைக்கு இது உன் கதை, இது என் கதை என்று பிரிக்கத் தெரியாது. தேதிதான் தெரியும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்றால் எல்லாம் போகும்.

ஆக, தாங்கப்பட்டவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். தாங்கியவர்களுக்கு ஒன்றும் இருக்காது. தன்வரலாறு எழுதுபவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் வந்தது. அதற்கும் சட்டம் போட்டார்கள். துணையாளைப் பற்றி எழுதினால் அந்தப் பக்கங்களை அவருக்கு நேரில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சம்மதித்தால் புத்தகத்தில் வரும்.

சுடர்க்கொடி எழுதிய புத்தகத்தின் பெயர் 'என்னைத் தாங்கிய கைகள்'. பூம்புகார்ப் பக்கம் கடல் வீட்டையும் புருஷனையும் ஒரே நாளில் கொண்டுபோனதிலிருந்து, புற்றுநோயை வென்று எழுந்தது வரைக்கும் அதில் இருந்தது. நல்ல எழுத்துதான். பதிப்பாளர் படித்துவிட்டு அழுததாகச் சொன்னார். எல்லோரும் அழுவது ஒரே இடத்தில். வால்பாறை நிவாரண முகாமில் அவளோடு இருந்த சென்னியப்பனைப் பற்றிய அத்தியாயம் அது. புத்தகமே அந்த அத்தியாயத்தின்மேல்தான் நின்றது. அவர் சம்மதிக்காவிட்டால் மிச்சமிருப்பது வெறும் ஆஸ்பத்திரிக் கதை.

எனவே அவர் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது சுடர்க்கொடி எழுந்து நின்றுவிட்டாள். ஆள் இளைத்திருந்தார். தலை முழுக்க நரை. வெள்ளைச் சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். 'தம்பி' என்று நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கினாள். முகாமில் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் அக்கா என்பார்.

"கும்புடறனுங்கம்மா," என்றார் அவர். "சென்னியப்பனுங்க. சென்னிமலைப் பக்கம். உங்ககூட நான் இருந்தேன்னு சொல்லி கூப்பிட்டிருந்தாங்க."

"உக்காருங்க. வந்ததுக்கு ரொம்ப நன்றி."

"இதுக்கெதுக்குங்க நன்றி? எப்பக் கூப்புடுவாங்கன்னு இருபது வருசமாக் காத்துட்டிருக்கறனுங்க."

அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது. கேட்புக்கூடத்துக்கு வந்தவர்களில் காத்திருந்ததாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். இவருக்கு மட்டும் உள்ளுக்குள் எங்கேயோ தன் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டாள். ஆசைக்கு என்ன, வயது தெரியுமா?

வாசிக்க ஆரம்பித்தாள். முகாமுக்கு வந்த புதிதில் அவள் பேசாமல் கிடந்தது, சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது, ஒரு வாய் கஞ்சிக்காக அரை நாள் கெஞ்சியது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நடுநடுவே, "பரவால்லையே, நல்லாத்தான் பாத்திருக்கறேன்," என்று யாரோ ஒருவரை மெச்சுவதுபோல் மெச்சிக்கொண்டார்.

அந்த இடம் வந்தது. சுடர்க்கொடி பக்கத்தைத் திருப்பினாள்.

"'ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை. மலையில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. சென்னியப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு நாள் போய்விட்டு வருகிறேன் அக்கா என்றார். நீ போனால், திரும்பி வரும்போது நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்றேன். அவர் வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையை இறக்கி வைத்தார். அன்று முழுவதும் என் கையை விடவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். எனக்கு யாருமில்லை என்று நினைத்திருந்தேன். என் துக்கத்துக்காக வேறொரு மனிதர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். அன்றுதான் வாழலாம் என்று முடிவு செய்தேன்.'"

நிமிர்ந்து பார்த்தாள். பதிப்பாளர் அழுத இடம் இதுதான். சென்னியப்பன் அழவில்லை. நாற்காலி விளிம்புக்கு வந்திருந்தார். இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஆடி நோம்பிக்கு மறுநாளா? நல்லாத் தெரியுமுங்களா?"

"தெரியும். முதல் நாள்தான் முகாம்ல சித்ரான்னம் போட்டாங்க."

"அதுக்கு முன்னாடி எனக்குப் போன் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

வந்ததா? சுடர்க்கொடி யோசித்தாள். முகாமில் போன் ஒலித்துக்கொண்டேதான் இருக்கும். விடியலில் அவர் வராந்தாவில் நின்று யாரிடமோ பேசியது மங்கலாக ஞாபகம் வந்தது. "வந்துதுன்னு நினைக்கிறேன். ஏன்?"

"எம் புள்ள செத்ததுங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை.

"துளிர்னு பேரு. ஆறு வயசு. மரத்துல தூரி கட்டி ஆடிட்டிருந்தவ காச்சல்னு வந்து படுத்தாளாமா. மூளைக்காச்சல். நோம்பியன்னிக்கு ராத்திரி போயிட்டா. வெடியால எனக்குப் போன் பண்ணி சொல்லியிருக்காங்க. வர்றேன்னு சொன்னனாமா. சாயங்காலம் வரைக்கும் எடுக்காம வச்சிருந்தாங்க. நான் போகலீங்க."

சுடர்க்கொடி கையிலிருந்த பக்கத்தை மேஜையில் வைத்தாள்.

"பணி முடிச்சு, தொடச்சு அனுப்பறாங்க, நான் புள்ளைக்கு முறுக்கு வாங்கிட்டுப் போயி எறங்கறேன். ஊரே அழுது முடிச்சிருச்சு. என் சம்சாரம் பூவாத்தா என்னையப் பாத்துக் கேட்டது ஒரே கேள்விதாங்க. ஏன் வரலேன்னு. எனக்கென்னங்க தெரியும்? பெத்த புள்ளைக்கு மண்ணு போட வராதவன் மனுசனான்னு ஊருல கேட்டாங்க. அந்த வருசமே அவ பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா. டிபார்ட்மெண்டுல போயிக் கேட்டேன். அந்த நாளெல்லாம் உங்களுது இல்லீங்க, அந்தம்மாளுதுன்னுட்டாங்க."

சட்டம் அப்படித்தான். துக்கம் யாருடையதோ, காலமும் அவருடையது. சென்னியப்பன் தன் மகளுக்குப் போகாத அந்த நாள், இருபது வருடமாகச் சுடர்க்கொடியின் சொத்தாக இருந்தது.

"நான் என்னைய என்னென்னமோ நெனச்சுட்டனுங்க," என்றார் அவர். "பயந்துட்டனோ, குடிச்சுட்டுக் கெடந்தனோ, கல்லு மனசுக்காரனோன்னு. என்னைய நானே கேட்டா என்னத்தச் சொல்றது? அதையே இன்னொருக்கா வாசிங்கம்மா. அந்தப் பை வர்ற எடத்துல இருந்து."

அவள் மறுபடி வாசித்தாள். இந்த முறை பதிப்பாளரை அழ வைத்த வரிகள் ஒவ்வொன்றும் வாய்க்குள்ளேயே கசந்தன. என் துக்கத்துக்காக வேறொரு மனிதர் அழுவதை என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"பைய எடுத்திருக்கறேன் பாருங்க," என்றார் சென்னியப்பன். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "போறதுக்குத்தான் நின்னிருக்கறேன். அழுதும் இருக்கறேன். நாள் முச்சூடும் அழுதிருக்கறேன்." உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "எதுக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"இல்ல."

"சொல்லக் கூடாதுங்க. தன்னோட துக்கத்தைப் பத்தித் துணையாள் வாயத் தொறக்கக் கூடாதுன்னு ரூல்ஸ். நீங்களாக் கேட்டாச் சொல்லலாம்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ரூல்ஸைத்தான் சொன்னார். ஆனால் அவள் கேட்கவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. பதினான்கு மாதம் ஒரே அறையில் இருந்தவருக்குக் குழந்தை உண்டா என்றுகூட அவளுக்குத் தெரியாது. புத்தகத்தில் அவரைப் பற்றி நாற்பது பக்கம் இருந்தது. அந்த நாற்பது பக்கத்திலும் அவர் அவளுக்கு என்ன செய்தார் என்பதுதான் இருந்தது.

சென்னியப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்காதீங்க. நான் போயிருந்தா, நெசமாவே ஏதாச்சும் பண்ணியிருப்பீங்களா?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்தவள் உலகத்தில் சுடர்க்கொடி ஒருத்திதான். உயிரோடு இருக்க மாட்டேன் என்பதை அவள் அந்த நாட்களில் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள், சாப்பாடு கொண்டுவந்தவளிடம் சொல்லியிருக்கிறாள், கம்பளி கொடுக்கத் தாமதமானதற்காக ஸ்டோர்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்னால் ஆட்கள் நின்றார்கள். அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது, தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். எழுதும்போது அது உயிர் போகும் நேரமாக மாறிவிட்டது. எழுதி எழுதி அவளும் அதை நம்பிவிட்டாள்.

"தெரியல," என்றாள்.

"ஆமாங்க. அதெப்படித் தெரியும்?" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். "ஒரு உசுரு நின்னுதுன்னா அது போதுமுங்க. எம் புள்ளையும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

இந்தப் பெருந்தன்மையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருக்கலாம்.

கூடத்தின் அலுவலர் ரெஜினா எட்டிப் பார்த்தாள். நேரம் முடிந்துவிட்டது. சென்னியப்பன் தானாகவே பலகைத்திரைக்கு முன் குனிந்து, நிறுத்தி நிறுத்தி, "சென்னியப்பனாகிய எனக்கு முழுச் சம்மதம்," என்றார். பிறகு சுடர்க்கொடியின் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு உதவிங்க. எம் புள்ள பேரையும் அதுல ஒரு எடத்துல போட்ருங்க. எதுக்குப் பையை எடுத்தேன், எதுக்கு எறக்கி வச்சேன்னு ரெண்டு வரி. புஸ்தகம் வந்ததும் பூவாத்தாளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கோணும். அவளுக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. நானே படிச்சுக் காட்டிர்றேன்."

"அவங்க இப்ப..."

"இருக்கறாளுங்க. உள்ள விட மாட்டா. வாசல்ல நின்னு படிக்கறேன்."

ரெஜினா அவரைப் பக்கத்து அறையில் காத்திருக்கச் சொன்னாள். அவர் போனதும் சுடர்க்கொடியிடம், மெஹருன்னிசா போகும் முன்பும் கேட்ட அதே வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "மேடம், பக்கத்தை வெச்சுக்கறீங்களா, வாபஸ் வாங்கறீங்களா? அவர் கூடத்தை விட்டு வெளிய போறதுக்குள்ள சொல்லணும்."

"வாபஸ் வாங்கினா?"

"புத்தகத்துல வராது. உங்க விஷயம் வெளிய போயிரக் கூடாதில்லீங்களா, அதனால அவர் இன்னிக்கு இங்க கேட்டதையும் எடுத்துருவோம். காலைல இருந்து இப்ப வரைக்கும்தான். அஞ்சு நிமிஷ வேலை. வலிக்காது."

"யோசிச்சு நாளைக்குச் சொன்னா?"

"இங்க கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுங்க மேடம். இப்பவே சொல்லிருங்க."

சுடர்க்கொடி மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைத்துக்கொண்டால் துளிரின் பெயர் புத்தகத்தில் வரும். வந்தால் அது இனி நன்றி சொல்லும் புத்தகமாக இருக்காது. ஒரு குழந்தையின் சாவுக்குத் தகப்பனை அனுப்பாத பெண்ணின் கதையாக இருக்கும். அதைப் படிக்கும் ஒவ்வொருவரும் சென்னியப்பன் கேட்ட அதே கேள்வியைக் கேட்பார்கள். நிஜமாகவே செத்திருப்பாளா? ஊர் கேட்கும், பதிப்பாளர் கேட்பார், வாசலில் நின்று கேட்கப்போகும் பூவாத்தாள் கேட்பாள். தெரியல என்று எத்தனை பேரிடம் சொல்வது?

இத்தனை வருடம் அவள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்? புற்றுநோயில் கிடந்தபோதும், கீமோவின் எரிச்சலிலும், ஒரு மனிதர் எனக்காக அழுதாரே என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் அவளுடையது இல்லை என்று ஆகிவிட்டது. பார்க்கப்போனால், துளிருக்குச் சேர வேண்டிய அழுகையைத் தின்று அவள் உயிர் வளர்த்திருக்கிறாள்.

பாவம், அவர் இதை எல்லாம் ஏன் சுமக்க வேண்டும் என்று நினைத்தாள். ஒரு பொய்யான மிரட்டலுக்காகப் பெற்ற பிள்ளையை விட்டோம் என்று ஒருநாள் தெரிந்தால் அவர் தாங்குவாரா? தெரியாமலே இருப்பது அவருக்கு நல்லது. அவருக்காகத்தான். இப்படி ஒரு சாக்குக் கிடைத்துவிட்டால் மனிதர்களுக்கு எதையும் செய்யத் தெம்பு வந்துவிடும். அவளுக்கும் வந்தது.

"வாபஸ் வாங்கிக்கறேன்," என்றாள்.

"சரிங்க மேடம்," என்றாள் ரெஜினா. அவளுக்கு இது தினம் நடப்பது.

உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். சுடர்க்கொடி ஓடவில்லை. கேன்டீன் வரை வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பஜ்ஜி வாடையும் கூட்டத்தின் சத்தமுமாக இருந்தது. பக்கத்துச் சந்தில் சல்லடை அறையின் கதவு திறந்து மூடுவது அங்கிருந்தே தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் வெளியே வந்தார். நெற்றிப்பொட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். டீ வாங்கினார். உட்கார இடம் தேடி அவள் பெஞ்சுக்கே வந்தார்.

"இங்க உக்காந்துக்கலாமுங்களா?" என்றவர், அவள் கையிலிருந்த கோப்பின் அட்டையைப் பார்த்துவிட்டார். "சுடர்க்கொடிங்களா? நான்தான் சென்னியப்பனுங்க. நீங்க பக்கத்தை வாபஸ் வாங்கிட்டீங்கன்னு சொன்னாங்க. கேட்டது ஒண்ணும் ஞாபகமில்லீங்க. நான் ஏதாச்சும் தப்பா நடந்துகிட்டனுங்களா உங்ககிட்ட?"

"ஐயோ, இல்ல," என்றாள். "நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

"அப்பச் செரிங்க." டீயை ஊதினார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவது முகத்தில் தெரிந்தது. "வந்ததுக்கு ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றனுங்களே. ஆடி நோம்பி சமயத்துல நான் எப்படி இருந்தேன்? ஊருக்குக் கெளம்பற மாதிரி ஏதாச்சும் பேசினனுங்களா?"

சொல்லிவிட இன்னும் நேரமிருந்தது. ரூல்ஸ் இருந்தால் என்ன, பெஞ்சில் இரண்டு பேர்தான். பைய எடுத்தீங்க, அழுதீங்க. மூன்றே வார்த்தை.

"எனக்கு ஞாபகமில்ல," என்றாள் சுடர்க்கொடி. சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது. அடக்கியும் அடங்காமல் அழுகை வந்துவிட்டது.

சென்னியப்பன் பதறிப்போனார். டீ டம்ளரை அவள் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடிக்கொண்டார். "அட, அழுவாதீங்க. பழைய துக்கத்தையெல்லாம் கெளறிட்டனாட்டிருக்குது. நான் ஒருத்தன். எனக்காக நீங்க ஒண்ணும் ஞாபகப்படுத்த வேண்டாம். குடிங்க, சூடா இருக்குது."

அவள் குடித்தாள்.

"எந்தப் பஸ்ஸுங்க உங்களுக்கு? வர்ற வரைக்கும் நான் கூட இருக்கறனுங்க," என்றார் அவர். "எனக்கொண்ணும் அவசரமில்லீங்க. ஊட்டுல யாரு காத்துட்டிருக்கறாங்க?"

பஸ் வர வெகுநேரமாயிற்று. அதுவரை அவர் கையை விடவில்லை.